காஜா மட்டும்தான் பாக்கி

"கொஞ்சம் நிமிர்ந்து நில்லு. வயித்த உள்ள இழுக்காத. எப்பவும் நிக்கற மாதிரி நில்லு."

டைலர் இதைச் சொல்வது ஜன்னலிடம். கழுத்தில் கிடக்கும் இன்ச் டேப்பை உருவி, ஜன்னலுக்குத் தோள் அளவு எடுக்கிறார், நீளம் எடுக்கிறார், பிறகு நடுவில் குறுக்கே பிடித்து இடுப்பு எடுக்கிறார். ஜன்னலுக்கு ஏதய்யா இடுப்பு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவு, நடுவுல ஒடுங்கியிருக்கு. இது இடுப்பு இல்லாம வேற என்ன சார்?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இந்த வீட்டில் கூடம் நிஜமாகவே கோணல். வாசலில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது யாரையும் வழி கேட்காமல் சமையலறைக்குப் போய்ச் சேரும். சுவர்களில் ஒன்றுகூட இன்னொன்றோடு ஒத்துப்போவதில்லை. இதைத்தான் டைலரும் அவர் வீட்டம்மாவும் ஆசை ஆசையாக வாங்கினார்கள். அவர்களுடைய முதல் சொந்த வீடு. அதற்கு முன்னால் இருந்த இடமெல்லாம் "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்று சொல்லிச் சாவி கொடுக்கிற வாடகை வீடுகள். அதனால் குடிவந்த அன்று டைலர் செய்த முதல் காரியம், கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தது. அதில் மாட்ட எதுவும் கிடையாது. அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். வீட்டம்மா சொல்லிச் சிரிப்பார்.

நான் பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால் அவர்கள் வீட்டு வேலையில் எனக்கும் பங்கு உண்டு, நான் கேட்காமலே. ஒரு மத்தியானம் கண்ணயர்ந்திருக்கும்போது என் தலைக்கு மேலே சுவரைத் துளைத்துக்கொண்டு ஓர் இரும்பு முனை எட்டிப்பார்த்தது, சுற்றியது, வந்த வழியே போய்விட்டது. எழுந்து போய்ச் சண்டை போடுவதற்குள் அவரே வந்து நின்றார். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூள். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க பக்கமும் ஒரு காஜா எடுத்துட்டேன்." பொத்தான் துளை போட்டதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். இதற்குப் பிறகு என்னத்தைச் சண்டை போடுவது?

ஏன் எல்லாவற்றையும் தானே செய்கிறார் என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. ஆரம்பத்தில் ஒரு தச்சரைத்தான் வரச் சொன்னார். தச்சர் வந்தார், நிலைகளைத் தட்டிப் பார்த்தார், சிரித்தார், நாளைக்கு வருகிறேன் என்று போனார். அடுத்த நாளும் நாளைக்கு என்றார். அதற்கடுத்த வாரமும் அந்த நாளை வரவில்லை. டைலருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "சொன்ன நாளுக்குக் குடுக்கத் தெரியாதவன் எல்லாம் ஒரு தொழிலாளியா சார்? நம்பிக்கை வேணாமா?" என்று என்னிடம் குமுறினார். என் கால்சட்டைத் துணி இரண்டு அவரிடம் கொடுத்துப் பல மாதமாகிறது. போய்க் கேட்கும்போதெல்லாம், "முடிஞ்சிருச்சு சார், காஜா மட்டும்தான் பாக்கி" என்பார். மாமியார் உடைத்தால் மண்குடம் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

அன்று முதல் ரம்பமும் சுத்தியலும் அவர் கையில். தொழில் மாறினால் என்ன, புத்தி தையல் புத்திதானே. பலகை எதை வெட்டினாலும் தையலுக்கென்று சுற்றிலும் ஓர் அங்குலம் கூட விட்டுத்தான் வெட்டுவார். சமையல் மேடைக்குப் போட்ட பலகை அந்த அங்குலத்தால் வெளியே நீட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் இடுப்பையெல்லாம் பதம் பார்க்கிறது. எதற்கு ஐயா இந்த மிச்சம் என்றால், "நாளைக்கு வீடு கொஞ்சம் சதை போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்" என்கிறார். சிரிக்காமல் சொல்வார். அதுதான் எனக்கு எரிச்சல்.

குளியலறைத் தரைக்கு ஓடு பதித்தது ஒரு தனிக்கதை. கட்டம் போட்ட சட்டையில் பாக்கெட் தைக்கும்போது கட்டத்தோடு கட்டம் ஒட்டி வரவேண்டும் அல்லவா, அந்தச் சிரத்தையோடு பூவுக்குப் பூ பொருத்திப் பதித்திருந்தார். எங்கே ஒட்டு என்று கண்டுபிடிக்க முடியாது. நானே குனிந்து தடவிப் பார்த்து அசந்துபோனேன். ஆனால் தரைக்கு வாட்டம் என்று ஒன்று வேண்டும், தண்ணீர் சாக்கடைப் பக்கம் போகவேண்டும் என்பதை மனிதர் மறந்துவிட்டார். முதல்நாள் ஊற்றிய தண்ணீர் அழகான பூக்களின் மேல் ஊர்ந்து சாப்பாட்டு அறைக்கு வந்தது. அத்தனையும் பெயர்த்து மறுபடி பதித்தார். பிரித்துத் தைப்பது அவருக்குப் புதிதில்லை. முகம் சுளிக்கவே மாட்டார்.

கதவு விஷயத்தில்தான் வினை வந்தது. பழைய கதவுகள் எல்லாம் கறையான் அரித்தவை. ஒன்றொன்றாக மாற்றியிருக்கலாம். இவர் வந்த ஜோரில் வீட்டுக்குள்ளிருந்த அத்தனை கதவுகளையும் ஒரே நாளில் கழற்றிப் போட்டுவிட்டார். பிறகுதான் கதவு செய்வது கால்சட்டை தைப்பதுபோல் இல்லை என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் எல்லா நிலைகளுக்கும் திரை தைத்து மாட்டினார். திரை என்றால் நீங்களும் நானும் மாட்டுகிற திரையா? கொசுவம் பிடித்து, உள்துணி கொடுத்து, ஓரம் மடித்து, இஸ்திரி போட்ட திரைகள். குளியலறைக்கு மட்டும் கெட்டியான மழைக்கோட்டுத் துணியில் தைத்து, மேலிருந்து கீழ் வரை ஜிப் வைத்தார். உள்ளே போனவர் ஜிப்பை இழுத்துவிட்டுக் குளிக்க வேண்டியது. உலகத்திலேயே ஜிப் வைத்த குளியலறை இது ஒன்றுதான் என்று அவருக்குப் பெருமை.

வீட்டம்மாவுக்கு அந்தப் பெருமையில் பங்கு இல்லை. அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். விடிகாலையில் குளித்துவிட்டு ஓடவேண்டும். ஒருநாள் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. உள்ளே அவர், வெளியே டைலர் மெழுகுவர்த்தியை எடுத்துவந்து ஜிப்பில் தேய்க்கிறார், நான் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பல் தேய்க்கிறேன். "ஏங்க, நான் வேலைக்குப் போறதா வேணாமா?" என்று அந்த அம்மா கேட்ட குரலில் கோபம்கூட இல்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது. எனக்கே சங்கடமாகிவிட்டது.

அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சொன்ன சொல்லை மாற்றமாட்டார். தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. "சர்க்கரை இருந்தா இருக்குன்னுதான் எழுதுவேன். ஆளு அழுதா ரிப்போர்ட் மாறுமா?" என்பார். அப்படிப்பட்டவர், ஜிப் மாட்டிய அன்று மாலையே தன் அக்காவுக்குப் போன் போட்டார். அக்காக்காரிக்கு இந்த வீடு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. இதை வாங்கியபோதே, "உம் புருஷனுக்கு வீடு வாங்கச் சொன்னா ஒட்டுப்போட்ட துணி வாங்கிட்டு வந்திருக்காரு" என்று சொன்னவர். அவரிடம் போய் இந்த அம்மா, "நீ வீடு பாக்க வர்றியே, அன்னிக்கு உள்ளேருந்து தாழ்ப்பாள் போடற மாதிரி குளியலறைக்குக் கதவு இல்லன்னா, உன்கூடவே கிளம்பி வந்துடறேன். கதவு வந்தப்பறம்தான் இந்த வீட்டுக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் அக்காக்காரி, "காரை எடுத்துட்டே வரேன்" என்றாராம்.

டைலருக்கு அன்றிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். "சார், அவ போயிட்டா இந்த வீடு எதுக்கு சார்? நான் கடையிலயே துணிக்கட்டு மேல படுத்துக்குவேன்." பகடி பண்ணலாம் என்று வாயைத் திறந்தேன். முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. பொண்டாட்டி மேல் உயிரையே வைத்திருக்கிற ஆள். அவர் ஜன்னலுக்கு இடுப்பு எடுத்ததும் அவளுக்குக் காற்று வரவேண்டும் என்றுதான். எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. சொன்னதைச் செய்கிற பெண், சொன்னதைச் செய்யாத டைலர். இது எங்கே போய் முடியும்?

பழைய கட்டடங்களை இடித்து விற்கிற இடத்துக்குப் போய் ஒரு கதவு கொண்டுவந்தார். நல்ல கனமான மரம். ஒரு முகத்தில் மேலிருந்து கீழ் வரை, ஓரம்கூட விடாமல் பூவும் கொடியும் செதுக்கியிருந்தது. மறு முகம் வெறும் பலகை. பூ முகம் சாப்பாட்டு அறையைப் பார்த்து இருக்கவேண்டும், வந்ததும் அண்ணி கண்ணில் அதுதான் படவேண்டும் என்று முடிவு செய்தார். மனைவியின் அக்காவை அவர் அண்ணி என்றுதான் சொல்வார்.

பூ நசுங்காமல் இருக்கக் கீழே போர்வை விரித்துக் கதவைக் கவிழ்த்துப் போட்டார். வெறும் பலகை முகம் மேலே. வீட்டம்மா தினமும் "தாழ்ப்பாள் எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்ததால், வெட்டுவதற்கு முன்னாலேயே அந்த முகத்தில் தாழ்ப்பாளை வைத்துத் திருகிவிட்டார். கூடவே துண்டு மாட்ட இரண்டு கொக்கி, முகம் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி. துணியை வெட்டுமுன் பொத்தானைத் தைத்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். "இங்க பாரும்மா, தாழ்ப்பாள் வந்தாச்சு" என்று காட்டினார். "கதவு நிக்கட்டும், பாக்கறேன்" என்று அந்த அம்மா வேலைக்குப் போய்விட்டார்.

நிலை கோணல் அல்லவா, அதனால் டேப்பை நம்பாமல் காகித மாதிரி எடுத்தார். செய்தித்தாள்களை ஒட்டிச் சேர்த்து, சாப்பாட்டு அறையில் நின்றபடி நிலையின் மேல் விரித்துப் பிடிக்கச் சொன்னார். நான்தான் பிடித்தேன். ஓரத்தைச் சாக்பீஸால் அழுத்திக் கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். இடது பக்கம் சாய்வு, மேலே சரிவு, கீழே ஒரு வளைவு, எல்லாம் அப்படியே அந்தக் காகிதத்தில் வந்துவிட்டது. இந்த முறை ஓர் அங்குலமும் கூட விடவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, காகிதத்தைக் கதவின் மேல் விரித்து, ரம்பத்தை எடுத்தார்.

அக்கா வரும் நாள் வந்தது. வீட்டம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் அவரைச் சந்தித்து அழைத்துவரப் போயிருந்தார். கதவைத் தூக்கி நிறுத்த என்னைக் கூப்பிட்டார் டைலர். பூ முகம் எங்களைப் பார்க்க, இருவரும் மூச்சுப் பிடித்துத் தூக்கி நிலைக்குள் தள்ளினோம். மேல் மூலை இடித்தது. கீழே ஒரு பூனை தாராளமாகப் போய்வரலாம். மறுபடி தள்ளினோம். அசையவில்லை.

டைலர் நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். கதவைப் பார்த்தார், சுவரோரம் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "சார், ரெண்டும் இடது கையா வெட்டிட்டேன்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. அளவு எடுத்தது சாப்பாட்டு அறைப் பக்கமிருந்து. அப்படியானால் காகிதத்தைப் பூ முகத்தின் மேல்தான் வைத்திருக்க வேண்டும். இவரோ மேலே தெரிந்த வெறும் பலகை முகத்தின் மேல் வைத்து வெட்டிவிட்டார். சட்டைக்கு வலது கை வெட்டவேண்டிய இடத்தில் துணியைத் திருப்பாமல் இன்னொரு இடது கை வெட்டுவார்களே, அதுதான். கதவைத் திருப்பிப் போட்டால் மட்டும்தான் பொருந்தும்.

திருப்பினோம். கீல்களையெல்லாம் எதிர்ப்பக்கம் மாற்றினோம். தள்ளியதும் கதவு போய் உட்கார்ந்தது பாருங்கள், நான் என் ஆயுளில் அப்படிப் பொருந்திய கதவைப் பார்த்ததில்லை. சாய்வோடு சாய்வு, வளைவோடு வளைவு. ஒரு நூல் நுழையாது. ஆனால் பூவெல்லாம் குளியலறைக்குள் போய்விட்டது. சாப்பாட்டு அறைப் பக்கம் வெறும் பலகை, துண்டுக் கொக்கி, கண்ணாடி, தாழ்ப்பாள்.

"தாழ்ப்பாளைக் கழட்டி உள்பக்கம் போடுமய்யா" என்றேன். "உள்பக்கம் முழுக்கப் பூ சார். மேடும் பள்ளமுமா இருக்கு. தாழ்ப்பாள் எங்க உக்காரும்?" என்றார். அப்போது தெருவில் கார் வந்து நின்றது.

அக்காக்காரி நேரே குளியலறைக்கு முன்னால் வந்து நின்றார். தாழ்ப்பாளைப் பார்த்தார். "இது குளியலறையா, ஜெயிலா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அந்தக் கண்ணாடியிலேயே தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "உள்ளேருந்து பூட்ட முடியாதது கதவா? பலகை. எவ்வளவு நாள் ஆச்சு, ஒரு தாழ்ப்பாளை எந்தப் பக்கம் போடறதுன்னு தெரியல."

டைலர் உளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். கதவின் உள்முகத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு பெரிய பூ. அதைச் சீவித் தட்டையாக்கினால் தாழ்ப்பாள் உட்காரும். உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

"அதுல கை வைக்காதீங்க" என்றார் வீட்டம்மா. பின்னால் நின்று அந்தப் பூக்களை மேலிருந்து கீழ் வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"அப்ப தாழ்ப்பாள் இல்ல" என்றார் அக்காக்காரி. "நீ என்ன சொன்ன? உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டாதான்னு சொன்ன. சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்பறம் என்ன? கிளம்பு."

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாம், மனிதருக்கு அதுவும் தெரியாது. "சொன்னது சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு வீட்டம்மா உள்ளறைக்குப் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பெட்டியோடு வந்தார். அதைச் சாப்பாட்டு அறையில் வைத்தார். நடுவில் புகுந்து நாலு வார்த்தை சொல்லலாமா என்று எனக்குத் தவித்தது. புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரன் வாயைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியும், அதனால் சுவரோரம் நின்றேன்.

"நீ போய்க் கார்ல உக்காருக்கா. முகம் கழுவிட்டு வரேன்."

அக்காக்காரி போனார். அந்த அம்மா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஒரு கிறீச்சும் இல்லை. மூடியதும் உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாமல் போயிற்று. அந்த வீட்டில் அது புதிது. குழாய்த் தண்ணீர் எப்போதும் தெருவரைக்கும் கேட்கும். இப்போது எங்கோ தூரத்தில் விழுவதுபோல் மெல்ல விழுந்தது, பிறகு நின்றது. அதற்கப்புறம் சத்தமே இல்லை.

டைலர் கதவுக்கு முன்னால் நின்றார். நான் மூலையில் நின்றேன். தெருவில் கார் ஒருமுறை ஹாரன் அடித்தது.

"ஏங்க." உள்ளேயிருந்து குரல், கதவோடு வாயை வைத்துப் பேசுகிற மாதிரி.

"என்னம்மா?"

"இந்தப் பூவெல்லாம் இந்தப் பக்கம் எனக்குன்னு வச்சீங்களா?"

டைலர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லுமய்யா என்று கண்ணால் கெஞ்சினேன். "இல்லம்மா," என்றார் அந்த மனிதர். "அது அண்ணி பாக்கணும்னுதான். காகிதத்தை மாத்தி வச்சு வெட்டிட்டேன்."

எனக்கு அவர் தலையில் ஒரு குட்டு வைக்கவேண்டும் போல் இருந்தது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கிப் பார்த்து, அடக்கமுடியாமல் வந்த சிரிப்பு.

"ஏங்க, வெளியில தாழ்ப்பாளைப் போடுங்க."

"எதுக்கும்மா?"

"போடுங்கன்னா போடுங்க. அக்கா வந்து கேட்டா, கதவு சிக்கிக்கிச்சு, அவ உள்ள மாட்டிக்கிட்டா, நீங்க கிளம்புங்கன்னு சொல்லுங்க. நான் வரமாட்டேன்னு சொல்லல. வர முடியல. அவ்வளவுதான்."

தெருவில் ஹாரன் மறுபடி அடித்தது, இந்த முறை நீளமாக. கார்க் கதவு திறந்து மூடும் சத்தமும் கேட்டது. டைலர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். தாழ்ப்பாளைப் பிடித்து மெல்லத் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.